தோண்டிய குழியை மூடுவதா, திறந்து வைப்பதா?

அகழாய்வு என்றதும் செய்திகளில் இடம்பிடிப்பது கண்டெடுப்புதான். செங்கல் சுவர், உறைகிணறு, எழுத்துப் பொறித்த பானை ஓடு, எலும்புக்கூடு. படம் எடுத்தாயிற்று, அளந்து வரைந்தாயிற்று, பொருள்களைப் பையிலிட்டு எண்ணும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு அந்தக் குழி என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அகழாய்வை நடத்துகிறவருக்குப் பெரிய தலைவலியே அதுதான். அடுத்த மழைக்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

அவர் முன்னால் இருப்பவை ஐந்து வழிகள். மண்ணைப் போட்டு மூடிவிடலாம். அப்படியே திறந்து வைத்துப் பராமரிக்கலாம். மேலே கூரை போடலாம். எஞ்சிய சுவர்களை உயர்த்திக் கட்டி, பழைய நகரம் இப்படித்தான் இருந்தது என்று காட்டலாம். அல்லது பெயர்த்தெடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஐந்தும் எங்காவது செய்து பார்க்கப்பட்டவை. ஐந்திலும் சூடு பட்டவர்கள் இருக்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடுவதுதான் இயல்பான முடிவாக இருக்க வேண்டும். திறந்து வைக்க வேண்டும் என்று சொல்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். பொதுப்புத்தி இதற்கு நேர் எதிராக இருக்கிறது. குழியை மூடுகிறார்கள் என்றாலே எதையோ மறைக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பிவிடும். கீழடி விஷயத்திலும் கிளம்பியது. அந்தச் சந்தேகம் வரக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது வரைபடமும் படங்களும் கொண்ட முழு அறிக்கை. குழியை வெயிலிலும் மழையிலும் போட்டு வைப்பதால் எந்தச் சந்தேகமும் தீராது, சுவர்தான் கரையும்.

மண்ணுக்கு வெளியே வந்த சுவர்

ஒரு சுவர் மண்ணுக்கடியில் நாலாயிரம் ஆண்டு தாங்கியது அதன் சொந்த பலத்தால் என்று நினைத்துக்கொள்கிறோம். தாங்கியது சுற்றியிருந்த மண். உள்ளே ஈரமும் வெப்பமும் அதிகம் ஏறி இறங்குவதில்லை. வெயில் கிடையாது, காற்று குறைவு. இரண்டு பக்க மண்ணும் சுவரை அணைத்துப் பிடித்திருக்கும். தோண்டிய அன்றே இவையெல்லாம் ஒரேயடியாகப் போய்விடுகின்றன.

சீனாவில் 1974-இல் வெளிப்பட்ட சுடுமண் போர்வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிலைகளின் மேல் அரக்குப் பூச்சும், அதன்மேல் வண்ணமும் இருந்தன. வறண்ட காற்று பட்ட சில நிமிடங்களிலேயே அரக்கு சுருண்டு, வண்ணத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழுந்தது. இன்று அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் மண்நிறம், செய்தவர்கள் பூசிய நிறம் அல்ல. அந்த வீரர்கள் காவல் நிற்கும், சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேட்டின் மையத்தை இன்றுவரை திறக்காமல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

மொகஞ்சதாரோவில் கதை மெதுவாக நடந்தது, அவ்வளவுதான். 1922-இல் ஆர். டி. பானர்ஜி அங்கே தோண்டத் தொடங்கினார். பெரும்பாலும் சுட்ட செங்கல். சுட்ட செங்கல் கெடாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நிலத்தடி நீர் உப்பைச் சுமந்துகொண்டு செங்கலுக்குள் ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்கிப் படிகமாக விரிகிறது. செங்கலின் முகம் மாவாக உதிர்கிறது. சுற்றுவட்டாரத்தில் பாசனம் பெருகப் பெருக நீர்மட்டமும் உயர்ந்தது. 1974-இல் யுனெஸ்கோ தொடங்கிய பாதுகாப்பு இயக்கம் 1997 வரை ஓடியது. குழாய்க்கிணறு போட்டு நீரை இறைத்துப் பார்த்தார்கள், சுவர்களுக்கு மண் பூச்சுப் பூசிப் பார்த்தார்கள். உப்பு விட்டபாடில்லை. 2022 ஆகஸ்ட் பெருமழையில் சில சுவர்கள் சேதமடைந்தன. நூறு ஆண்டுகளாக ஒரு நகரத்தைத் திறந்து வைத்ததற்கான விலை இது.

திறந்து வைப்பது யாருக்குப் பொருந்தும்?

கல்லுக்குப் பொருந்தும். குஜராத்தின் வறண்ட கட்ச் பகுதியில் கல்லால் கட்டிய ஹரப்பா கால நகரமான தோலாவீராவில், வெட்டிய நீர்த்தேக்கங்களையும் கோட்டைச் சுவர்களையும் திறந்த வெளியில் நடந்தே பார்க்கலாம். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவில் ஸ்காரா பிரே என்ற சிற்றூர் 1850-இல் ஒரு புயலில் மணல் விலகித் தெரியவந்தது. ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழமை. கட்டில், அலமாரி எல்லாம் கல் பலகை. அதனால்தான் திறந்து வைத்தும் நிற்கிறது. அதற்கும் 1920களில் கடலரிப்பைத் தடுக்கச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. இன்றும் கடல்தான் அதன் முதல் எதிரி.

சுடாத செங்கல், மண்சுவர், சுண்ணாம்புக் காரை, மரம் ஆகியவற்றுக்கு இந்த வழி அறவே ஆகாது. துருக்கியின் சாத்தல்ஹோயுக் அதற்கு நல்ல பாடம். 9000 ஆண்டுக்கு முற்பட்ட அந்தக் குடியிருப்பு முழுக்கப் பச்சைச் செங்கல். ஜேம்ஸ் மெல்லார்ட் 1961 முதல் 1965 வரை அங்கே தோண்டினார். அவர் திறந்துவிட்டுப் போன சுவர்கள் மழையிலும் பனியிலும் சரிந்தன. 1993-இல் இயன் ஹாடர் குழு மறுபடி வந்தபோது, பழைய குழிகளின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் பாதுகாப்பை அகழாய்வோடு சேர்த்தே திட்டமிட்டது.

திறந்து வைத்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பராமரிப்புக்கு முடிவே கிடையாது. அகழாய்வுக்கு ஒருமுறை பணம் கிடைத்துவிடும். அமைச்சர் வருவார், நாளிதழில் படம் வரும். ஆனால் ஆண்டுதோறும் களை பிடுங்கவும், சுவர் உச்சியில் மண் பூசவும், வடிகால் தூர்வாரவும் யார் பணம் தருவார்கள்? இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயி போல் லட்சக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே 2010 நவம்பரில் மழைக்குப் பிறகு ஸ்கோலா அர்மதுராரும் என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து, பிறகு கான்கிரீட் கூரையோடு திருப்பிக் கட்டப்பட்ட கட்டடம் அது. அதன் பின்னர் 10.5 கோடி யூரோ செலவில் ஒரு மீட்புத் திட்டம் வந்தது. பாம்பேயிக்குக் கிடைக்கும் யூரோ மற்ற எந்த அகழாய்வு மேட்டுக்கும் கிடைக்காது.

கூரை

திறந்து வைக்க ஆசை, மழைக்குப் பயம். இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் கூரை. பார்வையாளருக்கும் நல்லது, ஆய்வாளருக்கும் நல்லது, மழைக்காலத்திலும் வேலை நடக்கும். அதனால் பெரும்பாலான கூட்டங்களில் கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொள்வது இதைத்தான். எனக்கு இதில் தயக்கம் அதிகம்.

கூரை மழையைத்தான் தடுக்கும். கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்காது. சொல்லப்போனால், சில சமயம் நிலைமையை மோசமாக்கும். மேலே வெயில் தகித்து, கூரைக்கடியில் வெப்பம் தேங்கினால், மண்சுவர் வேகமாகக் காய்ந்து விரிசல் விடும். ஆவியாகும் வேகம் கூடினால் உப்பும் அதே வேகத்தில் பூக்கும். பக்கச் சுவர்களையும் பிளாஸ்டிக் தகட்டால் அடைத்துவிட்டால் உள்ளே கோடையில் நிற்கவே முடியாது. சாத்தல்ஹோயுக்கின் பெரிய கூரைகளுக்கடியில் இன்றும் இதே பிரச்சினையோடுதான் போராடுகிறார்கள்.

அப்புறம் தூண்கள். தூண் நிற்க அஸ்திவாரம் வேண்டும். அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் இன்னும் ஆராயாத மண்ணடுக்கு இருக்கும். பாதுகாக்கவென்று போடும் தூணே பத்து நூற்றாண்டுகளைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அதைத் தவிர்க்க நீண்ட விட்டம் போட்டால் கூரையின் எடையும் காற்றின் உந்துதலும் கூடும். கூரை விளிம்பிலிருந்து கொட்டும் மழைநீரை எங்கே விடுவது என்பது அடுத்த கேள்வி. முன்பு மேடு முழுவதும் பரவிய நீர் இப்போது ஒரே கோட்டில் விழுந்து, கூரைக்கு வெளியே இருக்கும் குழியை அரிக்கும். பறவையும் வௌவாலும் கூரைக்கடியில் குடியேறினால் அவற்றின் எச்சத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில், எரிமலைச் சாம்பலில் புதைந்த வெண்கலக் கால நகரம் அக்ரோதிரி. ஸ்பைரிடன் மரினாடோஸ் 1967-இல் அங்கே தோண்டத் தொடங்கினார். இரண்டு மாடி வீடுகளும் சுவரோவியங்களும் சாம்பலுக்குள் அப்படியே கிடைத்தன. பழைய கூரைக்குப் பதில் புதிய, நவீனமான கூரை அமைத்துக்கொண்டிருந்தபோது 2005 செப்டம்பரில் அதில் ஒரு பகுதி சரிந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். அந்த இடம் மறுபடி திறக்கப்பட்டது 2012-இல்தான். அக்ரோதிரிக்குக் கூரை வேண்டாம் என்று நான் வாதாட மாட்டேன். அங்கே வேறு வழியே இல்லை, அத்தனை உயரமான சுவர்களைத் திருப்பி மூட முடியாது. ஆனால் கூரை என்பது ஒரு பொறியியல் கட்டடம். அதற்கும் ஆயுள் உண்டு, அதற்கும் பராமரிப்பு வேண்டும். தகரம் போட்டு நான்கு கம்பம் நட்டுவிட்டு "பாதுகாத்தாயிற்று" என்று சொல்வது வேறு விஷயம். தற்காலிகம் என்று போட்ட தகரம் துருப்பிடித்து ஓட்டை விழும்வரை அங்கேயே நிற்கும்.

குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டு நடக்க விடுவதும் இப்போது பரவலாகிவிட்டது. முதுமக்கள் தாழிகளைக் கிடந்த கிடையிலேயே காட்ட ஆதிச்சநல்லூரில் இதைச் செய்திருக்கிறார்கள். குழி சிறியது, கீழே வறண்ட மண், காற்றோட்டத்துக்கும் வழி உண்டு என்றால் நல்ல யோசனைதான். ஈர மண்ணின் மேல் போட்டால் கண்ணாடியின் அடிப்பக்கம் வியர்க்கும், வெளிச்சம் கிடைப்பதால் பாசி பிடிக்கும். சில ஆண்டுகளில் தொல்பொருளைவிடப் பாசிதான் நன்றாகத் தெரியும்.

உயர்த்திக் கட்டுவதும் பெயர்த்தெடுப்பதும்

கிரேக்கத்தின் கிரீட் தீவில் ஆர்தர் எவான்ஸ் 1900-இல் க்னோசாஸ் அரண்மனையைத் தோண்டினார். பிறகு இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டால் மாடிகளையும் சிவப்புத் தூண்களையும் எழுப்பினார். பார்க்க வருபவருக்கு உடனே புரிகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் எது மினோவன் காலம் (கிரீட்டின் வெண்கலக் காலம்), எது எவான்ஸின் கற்பனை என்று பிரிக்க நிபுணர்களுக்கே சிரமம். இப்போது அந்தக் கான்கிரீட்டுக்கும் வயதாகிவிட்டது, அதற்கும் பாதுகாப்பு வேலை நடக்கிறது. பழைய சுவரைக் காப்பாற்றப் போய், காப்பாற்ற வேண்டிய இன்னொரு கட்டடத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு நகல் கட்டிக்கொள்ளலாமே. சாத்தல்ஹோயுக்கில் ஒரு மாதிரி வீடு இருக்கிறது. கூரையில் உள்ள திறப்பு வழியாக ஏணியில் இறங்கும் அந்த வீடு எப்படியிருக்கும், அடுப்புப் புகை எங்கே போகும் என்பதெல்லாம் அசலைத் தொடாமலே தெரியும். ஸ்காரா பிரேயிலும் நகல் வீடு உண்டு. நகலைக் குழந்தைகள் தொடலாம், தவறு தெரிந்தால் இடித்துத் திருத்தலாம். அசலில் இந்த வசதி கிடையாது.

பெயர்த்தெடுப்பதை வேறு கதியே இல்லாதபோதுதான் நினைக்க வேண்டும். நாகார்ஜுனசாகர் அணை கட்டுவதற்கு முன் 1954 முதல் 1960 வரை ஆந்திராவின் பழைய பௌத்தத் தலமான நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கை அவசரமாகத் தோண்டி, முக்கியமான சில கட்டுமானங்களை நீருக்கு மேல் நின்ற மலையுச்சியிலும் கரையில் அனுப்பு என்ற இடத்திலும் மறுபடி அமைத்தார்கள். மற்றவை நீருக்கடியில் போயின. கற்கள் பிழைத்தன. அவை நின்ற நிலம், ஒன்றுக்கொன்று இருந்த தூரம், அடியில் கிடந்த கற்காலக் கருவிகளின் அடுக்கு ஆகியவை பிழைக்கவில்லை. அணை வரவில்லையென்றால் யாரும் இதைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை.

மூடுவது, அதையும் ஒழுங்காக

மூடுவது மலிவு என்பதால் அலட்சியமாகச் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தான்சானியாவின் லேடோலியில் மேரி லீக்கி குழு 1978-79-இல் 36 லட்சம் ஆண்டுப் பழைய காலடித் தடங்களை வெளிக்கொண்டு வந்தது. எரிமலைச் சாம்பலில் சுமார் 27 மீட்டருக்கு மனித மூதாதையர் நடந்து போன தடம். பதிவு செய்து, அச்செடுத்து, மணலும் மண்ணும் போட்டு, மேலே எரிமலைக் கற்களை அடுக்கி மூடினார்கள். எண்ணம் சரி. ஆனால் மூடிய மண்ணோடு கருவேல இன விதைகளும் வந்துவிட்டன. கற்கள் ஈரத்தைக் காத்தன. மரங்கள் வளர்ந்து, வேர்கள் தடம் பதிந்த அடுக்கைத் துளைக்கத் தொடங்கின. 1995, 1996 ஆண்டுகளில் அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனமும் தான்சானியத் தொல்லியல் துறையும் திருப்பித் தோண்டி, வேர்களை நீக்கிப் பழுது பார்த்து, சலித்த மணல், நீரும் காற்றும் புகும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, வேர் இறங்காமல் தடுக்கும் விரிப்பு என்று அடுக்கடுக்காகப் போட்டு மூடினார்கள்.

ஒரு குழியை மூடத் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி அந்த ஒரே சம்பவத்தில் இருக்கிறது. பாலிதீன் விரிப்பு போடக் கூடாது, அது ஈரத்தை அடைத்து வைக்கும். நீர் கடந்து போகும் துணிதான் வேண்டும். தோண்டியெடுத்த மண்ணையே போடுவதென்றால் சலித்துப் போட வேண்டும். சுவரின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிரப்பிக்கொண்டே வர வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கொட்டினால் மண்ணின் எடையே சுவரைத் தள்ளிவிடும். மேற்பரப்பில் மழை தேங்காதபடி சரிவு கொடுத்து, வேர் ஆழமாகப் போகாத புல்லை விட வேண்டும். எந்த மட்டம்வரை தோண்டினோம் என்று அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குத் தெரிய அந்தத் துணியே அடையாளமாக இருக்கும்.

பாதி மூடுவதும் உண்டு. அமெரிக்காவின் சாக்கோ பள்ளத்தாக்கில் பெரிய கல் வீடுகளின் அறைகளை ஓரளவு மண்ணால் நிரப்பியிருக்கிறார்கள். தோண்டிய அறைக்கும் தோண்டாத அறைக்கும் நடுவில் நிற்கும் சுவர் ஒரு பக்க அழுத்தத்தில் புடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மட்டத்தைச் சமன் செய்ததும் சுவருக்கு மூச்சு வந்தது. மேல்பகுதி வெளியே தெரிவதால் பார்க்க வருபவருக்கும் பெரிய இழப்பில்லை. என்னைக் கேட்டால், கல் நகரங்களில் இந்த வழியை இன்னும் நிறைய இடங்களில் செய்யலாம்.

மூடினால் மக்களுக்கு ஒன்றுமே தெரியாதே என்பதற்கு லண்டனில் ஒரு பதில் இருக்கிறது. 1587-இல் கட்டிய ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் 1989-இல் ஓர் அலுவலகக் கட்டுமானத்தின்போது வெளிப்பட்டது. காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் மணலால் மூடி நீருக்கடியில் வைத்தார்கள். மேலே கட்டடம் எழும்பியது. நீரின் மேல் சிவப்பு விளக்குச் சரங்கள் அரங்கின் வடிவத்தை வரைந்து காட்டுகின்றன. ஒரு கல்லைக்கூடப் பார்க்க முடியாது, ஆனாலும் மேடை எங்கே, கூட்டம் எங்கே நின்றது என்பது புரிந்துவிடுகிறது. திறந்த வெளியில் இதையே தரையில் கல் பதித்தோ, சுவர் போகும் கோட்டில் செடி நட்டோ செய்யலாம்.

மூடுவதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அது மறதி. மேலே ஒன்றும் தெரியாவிட்டால் பத்து ஆண்டில் ஆழமாக உழுவார்கள், மரம் நடுவார்கள், ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். தனியார் நிலம் என்றால் இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே மூடுவதோடு நில ஆவணத்தில் பதிவு, உழவு ஆழத்துக்கு உரிமையாளரோடு ஒப்பந்தம், எல்லைக்கல் ஆகியவையும் சேர்ந்தே வர வேண்டும். இவை இல்லாமல் மூடினால், மறைக்கிறார்கள் என்று சொன்னவர்கள் கடைசியில் ஜெயித்துவிடுவார்கள்.

எந்தக் குழியை என்ன செய்வது?

முதலில் பார்க்க வேண்டியது பொருள், இரண்டாவது நீர். சுடாத செங்கல், மண்தரை, மரம், வண்ணப் பூச்சு என்றால் மேற்கொண்டு விவாதமே வேண்டாம், மூடுங்கள். சுட்ட செங்கல் என்றால் நிலத்தடி நீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது, அதில் உப்பு எவ்வளவு என்று ஓராண்டு அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த ஓராண்டு குழி மூடியே இருக்கட்டும், திருப்பித் திறக்க ஒரு வாரம் போதும். கல் என்றால் திறந்து வைப்பதையும் பாதி மூடுவதையும் யோசிக்கலாம். பணம் மூன்றாவது. அகழாய்வுக்கு நிதி கேட்கும் அதே விண்ணப்பத்தில் மூடும் செலவும் பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவும் இருக்க வேண்டும். அவ்வளவு கிடைக்காது என்றால் தோண்டும் பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம். பாம்பேயியில் 1748 முதல் தோண்டியும் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. நாளைய கருவிகள் இன்றையவற்றைவிட நன்றாக இருக்கும்.

சாதாரணமாக ஒரு மேட்டில் பத்துக் குழிகள் போட்டிருந்தால் ஒன்பதை மூடி, ஒன்றைக் கூரையோடு வைத்துக்கொள்வதுதான் சரி. இந்த இடத்தில்தான் தவறு நடக்கும். எல்லோரும் திறந்து வைக்க ஆசைப்படுவது மிக அழகான குழியை. வண்ணக் காரை ஒட்டியிருக்கும் சுவர், முழுசாகக் கிடைத்த அடுப்பு, தானியம் சிந்திய தரை. அவைதான் முதலில் அழியும். கோணம் கோணமாகப் படமெடுத்து முப்பரிமாண மாதிரி செய்துகொண்டு, அவற்றை முதலில் மூட வேண்டும். திறந்து வைக்க வேண்டியது மிக உறுதியான குழி. தடித்த மதில் சுவரோ, கல் பாவிய தெருவோ, அகலமான வடிகாலோ இருந்தால் அது போதும். பார்க்க வருபவர் நகரத்தின் அளவைக் கண்ணால் அளந்துகொள்ளலாம், மற்றதைப் பக்கத்து நகல் வீட்டில் காட்டலாம். அந்த ஒரு குழிக்குப் போடும் கூரையின் தூண்கள், ஏற்கெனவே மனிதக் கைபடாத கன்னிமண் வரை தோண்டி முடித்த இடத்தில் மட்டும் இறங்கட்டும்.